கூட்ஸ் ஷெட்டில் ஒரு பருத்திக்காட்டு வீடு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கும் கிளார்க்ஸ்டேல், சுமார் 15,000 பேர் வாழும் சின்ன ஊர். ரயில் பாதையை ஒட்டி அங்கே 1918இல் கட்டிய செங்கல் கூட்ஸ் ஷெட் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சரக்கு ஏறி இறங்கிய அந்த இடத்தில்தான் இன்று டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் நடக்கிறது. கிட்டார், மௌத் ஆர்கன், சுவரொட்டி, பழைய இசைத்தட்டு என்று பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். எதிரே ஒரு வீடு. சைப்ரஸ் மரத்தைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர்கள், காய்ந்து வெளிறிப்போன ஒற்றை அறை.

அந்த வீட்டில் ஒரு பாட்டியும் பேரனும் வாழ்ந்தார்கள். பேரன் பருத்தி எடுத்தான், டிராக்டர் ஓட்டினான், சனிக்கிழமை இரவுகளில் கிட்டார் வாசித்தான். அவன் பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். சிறுவயதில் சேற்றுத் தண்ணீரில் விளையாடித் திரிந்ததால் பாட்டி ‘மடி’ என்று கூப்பிட்டாள். சேறு படிந்தவன் என்று பொருள். அந்தச் செல்லப் பெயரே நிலைத்து, மடி வாட்டர்ஸ் என்று உலகம் அவரை அறிந்தது.

பாட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட முடியாது. பாடியவர் படுத்துறங்கிய வீட்டை, அவர் தொட்ட கருவியை, அவர் வாசித்த கடையின் பெயர்ப்பலகையை வைக்கலாம். கிளார்க்ஸ்டேல் அதைத்தான் செய்தது. ஆனால் பருத்திக்காட்டுக் கூலியாட்களின் பாட்டும் காட்சிக்கு வைக்கத் தக்கதே என்று ஒப்புக்கொள்ள அந்த ஊருக்கு நெடுங்காலம் பிடித்தது.

*

‘டெல்டா’ என்றதும் நமக்குக் காவிரிக் கழிமுகம்தான் கண்ணில் வரும். மிசிசிப்பி டெல்டா அப்படிக் கடலோரத்தில் இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் நடுவே, உள்நாட்டில் விரிந்து கிடக்கும் வண்டல் சமவெளி அது. காடு திருத்தி, கரை கட்டி, அந்த மண்ணைப் பருத்திக்காடாக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்தது. நிலம் மட்டும் கை மாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விளைச்சலில் பாதி பண்ணைக்காரருக்கு. மீதிப் பாதியிலிருந்து விதை, உரம், பண்ணைக் கடையில் கடனாக வாங்கிய மாவு, பன்றிக்கறி, துணி எல்லாவற்றுக்கும் கழிவு. ஆண்டுக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது பல குடும்பங்களுக்குக் கையில் காசு நிற்காது. கடன் மட்டும் அடுத்த ஆண்டுக்கு ஏறும். கணக்குப் புத்தகம் பண்ணைக்காரரிடம் இருந்தது. அதைக் கேள்வி கேட்கும் துணிவு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வாழ்க்கையிலிருந்துதான் ப்ளூஸ் பிறந்தது. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும் பழக்கம், கரை கட்டும் கூலிகளின் கூவல், தேவாலயப் பாட்டு எல்லாம் அதில் கலந்திருந்தன. முதல் அடியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாம் அடியில் விடை சொல்வது அதன் பொதுவான வடிவம். ப்ளூஸின் உயிர் இருக்கும் சுரத்தைக் கர்நாடக இசை கேட்டவர்களுக்குச் சொல்வது எளிது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே அது நின்று ஊசலாடும். பியானோக் கட்டையில் அகப்படாத அந்த இடத்தை, கிட்டார் தந்தியின்மேல் கத்தியையோ உடைந்த பாட்டிலின் கழுத்தையோ வைத்து இழுத்துப் பிடித்தார்கள். கிட்டார் வாங்கக் காசில்லாத பையன்கள் விளக்குமாற்றில் சுற்றியிருந்த கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி மீட்டினார்கள். அப்போது வீடே வாத்தியமாகிவிடும்.

அந்த இசை எழுத்தில் பதிவானதிலும் கிளார்க்ஸ்டேலுக்குப் பங்கு உண்டு. 1903இல் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற கறுப்பின இசைஞர் ஒரு வாத்தியக் குழுவை நடத்த இந்த ஊருக்கு வந்தார். நொட்டேஷன் படித்தவர், முறையாகப் பயின்றவர். பக்கத்தில் இருக்கும் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஓர் இரவு, தாமதமான வண்டிக்குக் காத்திருந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது கந்தல் உடையில் ஒருவர் அருகில் உட்கார்ந்து, தந்திமேல் கத்தியை அழுத்தி கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஓரிடத்துக்குப் போவதைப் பற்றிய ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார். தான் அதுவரை கேட்டதிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று ஹேண்டி பின்னர் தன் வரலாற்று நூலில் எழுதினார். 1912இல் அவர் வெளியிட்ட ‘மெம்பிஸ் ப்ளூஸ்’, 1914இல் வந்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ இரண்டும் இந்த இசையின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயின. ரயில் நிலையத்தில் பாடியவரின் பெயர் யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

*

1941 ஆகஸ்டில் ஊருக்கு வெளியே உள்ள ஸ்டோவால் பண்ணைக்கு ஒரு கார் வந்தது. அதில் ஒலிப்பதிவு இயந்திரம் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரித்துவந்த ஆலன் லோமாக்ஸும், கறுப்பினத்தவருக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர் ஜான் வொர்க்கும் வந்திருந்தார்கள். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் மூன்றாண்டுக்கு முன்பே இறந்துவிட்டார். அவரைப் போன்ற ஒரு பாடகரைத் தேடி வந்தவர்களுக்கு, மடி வாட்டர்ஸ் என்று ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது.

வெள்ளைக்காரர் ஒருவர் தன்னைத் தேடி வந்ததும் மடி வாட்டர்ஸ் எச்சரிக்கையானார். அவர் தன் வீட்டிலேயே சனிக்கிழமை இரவுகளில் ஆட்டம், பாட்டு, சூதாட்டம், கள்ளச் சாராயம் எல்லாம் நடத்தியவர். சாராயத்தைப் பிடிக்கும் அதிகாரியாக இருக்குமோ என்று சந்தேகம். பாட்டுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபின், அந்த வீட்டிலேயே உட்கார்ந்து பாடினார். பிறகு நூலகத்திலிருந்து இசைத்தட்டின் இரண்டு பிரதிகளும் 20 டாலர் காசோலையும் வந்தன. அவர் அந்தத் தட்டை எடுத்துப்போய் ஒரு ஜூக் பாக்ஸில் போட்டுக் கேட்டார். காசு போட்டால் பாடும் பெட்டியிலிருந்து தன் குரல் வந்தபோதுதான், தன்னாலும் பாடகனாக முடியும் என்ற நம்பிக்கை பிறந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஜோன்ஸ், கிளார்க்ஸ்டேலில் கறுப்பின மக்கள் கூடிய ஐந்து கேளிக்கைக் கடைகளுக்குப் போய், அங்கிருந்த ஜூக் பாக்ஸ்களில் என்னென்ன பாட்டுகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுத்தார். அதில் கவுன்ட் பேசி, ஃபேட்ஸ் வாலர், லூயிஸ் ஜோர்டன் ஆகியோரின் நகரத்து இசைத்தட்டுகள் இருந்தன. இன்று டெல்டாவின் பெரும் பெயராக விளங்கும் ராபர்ட் ஜான்சனின் தட்டு ஒன்றுகூட இல்லை. பருத்திக்காட்டில் உழைத்தவர்கள் வெளியுலகம் அறியாத பழங்குரல்களாக வாழ்ந்தார்கள் என்று எண்ணுவோருக்கு அந்தப் பட்டியல் நல்ல விடை. சிகாகோவும் நியூயார்க்கும் கேட்டதை அவர்களும் கேட்டார்கள்; அதோடு தங்கள் பாட்டையும் பாடினார்கள். வொர்க்கும் அவருடைய தோழர்களும் எழுதிய ஆய்வு அச்சேறாமல் கிடந்து, 2005இல்தான் நூலாக வந்தது. லோமாக்ஸின் பெயர் பரவிய அளவுக்கு அவர்கள் பெயர் பரவவில்லை.

1943இல் மடி வாட்டர்ஸ் கூலியைச் சற்று உயர்த்தித் தரும்படி பண்ணை மேற்பார்வையாளரிடம் கேட்டார். மறுப்பு வந்தது. சில நாளில் கிளார்க்ஸ்டேல் ரயில் நிலையத்தில் வண்டி ஏறி, மெம்பிஸ் வழியாகச் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அங்கே மதுக்கடைகளின் இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை. மின்கிட்டாரைக் கையில் எடுத்தார். பண்ணை வீட்டில் லோமாக்ஸுக்குப் பாடிய பாட்டு ஒன்றையே 1948இல் மின்கிட்டாரோடு பதிவு செய்தார். இசைத்தட்டு மளமளவென்று விற்றது. 1950இல் அவர் பதிவு செய்த ‘ரோலின் ஸ்டோன்’ பாட்டின் பெயரைத்தான் பன்னிரண்டு ஆண்டு கழித்து லண்டன் இளைஞர்கள் சிலர் தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

மடி வாட்டர்ஸ் ஊரைவிட்டுப் போன அடுத்த ஆண்டு, கிளார்க்ஸ்டேலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாப்சன் பண்ணையில் ஏறத்தாழ 3,000 பேர் கூடினார்கள். 1944 அக்டோபர் 2. பருத்தி எடுக்கும் இயந்திரத்தின் வெள்ளோட்டம். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் சுமார் 20 பவுண்டு பருத்தி எடுப்பார். இயந்திரம் 1,000 பவுண்டு எடுத்தது. ஒரு பேல் பருத்தியைக் கையால் எடுக்க 39.41 டாலர், இயந்திரத்தால் எடுக்க 5.26 டாலர் என்று பண்ணைக்காரர் கணக்குப் போட்டார். ஐம்பது பேரின் வேலையை ஒரு வண்டி செய்தது. 1910களில் தொடங்கி 1970 வரை தெற்கிலிருந்து வெளியேறிய சுமார் 60 லட்சம் கறுப்பின மக்களில் பலர் டெல்டாவைச் சேர்ந்தவர்கள். மூட்டை முடிச்சோடு ரயில் ஏறியவர்கள் பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். காலியான வீடுகள் வயலோரத்தில் நின்று மட்கின.

*

அப்படி மட்கிய வீடுகளில் ஒன்றுதான் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்திருக்கும் இந்த வீடு.

1970களின் இறுதியில் கிளார்க்ஸ்டேலின் கார்னகி பொது நூலகத்துக்கு சிட் கிரேவ்ஸ் என்பவர் இயக்குநராக இருந்தார். ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ப்ளூஸ் பிரியர்கள் இந்த ஊரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களுக்குக் காட்ட ஊரில் எதுவும் இல்லை. ஊர்ப் பெரியவர்களுக்கோ அந்த இசையில் அக்கறை குறைவு. கிரேவ்ஸின் முயற்சியால் 1979 ஜனவரி 31 அன்று, ஒரு தொடக்கப் பள்ளியின் ஒற்றை அறையில் அருங்காட்சியகம் பிறந்தது. பிறகு நூலகத்துக்கு மாறியது. அங்கே இடம் கிடைக்காத காலத்தில் காட்சிப் பொருள்களைத் தன் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார் கிரேவ்ஸ்.

1980களின் பிற்பகுதியில் ‘இசட் இசட் டாப்’ ராக் குழுவின் பில்லி கிப்பன்ஸ் வந்தார். புயல் சிதைத்த மடி வாட்டர்ஸ் வீட்டைப் பார்க்கப் போனவரிடம், உதிர்ந்து கிடந்த மரத்துண்டு ஒன்று வந்து சேர்ந்தது. அதை மெம்பிஸில் கிட்டார் செய்பவர்களிடம் கொடுத்து ஒரு கிட்டார் செய்வித்தார். வெள்ளை உடல், அதன் நீளத்துக்கும் மிசிசிப்பி ஆறு போல வளைந்தோடும் ஒரு நீலக் கோடு. ‘மடிவுட்’ என்று பெயரிட்ட அந்தக் கிட்டாரை ஊர் ஊராகக் காட்டி அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்டினார்கள். கூலியாளின் கூரைமரம் அப்படி ஓர் அருங்காட்சியகத்துக்குத் தூணானது. இன்று அந்தக் கிட்டாரும் வீடும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

வீட்டுக்கும் ஒரு பயணம் வாய்த்தது. 1990களில் ஓர் இசைக்கூட நிறுவனம் அதைப் பிரித்தெடுத்து, அமெரிக்காவின் பல ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டியது. 1999இல் அருங்காட்சியகம் கூட்ஸ் ஷெட்டில் குடியேறியது; 2001இல் வீடு திரும்பி வந்தது. அதற்கென்றே பின்னர் கட்டடத்தை ஒட்டி ஒரு புதுப் பகுதி எழுந்தது. 2013இல் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் வழங்கும் தேசியப் பதக்கம் கிடைத்தது. காரின் டிக்கியில் இருந்த சேகரிப்புக்கு 34 ஆண்டுகளில் வந்த மரியாதை அது.

*

ராபர்ட் ஜான்சன் கடைசியாக வாசித்ததாகச் சொல்லப்படும் ‘த்ரீ ஃபோர்க்ஸ்’ கடையின் பெயர்ப்பலகையும் இங்கே இருக்கிறது. 1936இலும் 1937இலும் டெக்சாஸில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, 1938 ஆகஸ்ட் 16 அன்று 27 வயதில் இறந்தவர் அவர். நள்ளிரவில் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்று வாசிக்கும் திறமையை வாங்கினார் என்ற கதையை உலகமே அறியும். நெடுஞ்சாலை 61, நெடுஞ்சாலை 49 இரண்டும் சந்திக்கும் இடத்தில் கிட்டார் வடிவக் கம்பம் நட்டு, அதுதான் அந்த நாற்சந்தி என்று கிளார்க்ஸ்டேல் சொல்லிக்கொள்கிறது. ஆனால் ஜான்சனுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மன் என்ற மனிதர். வீட்டில் மற்றவர் தூக்கம் கெடாமல் இருக்க இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதகம் செய்திருக்கிறார்கள். பிசாசின் கதை அந்த உழைப்பை மறைத்துவிட்டது. தன் மக்களின் இசையை ஊர் மதிக்க வேண்டுமானால் ஜிம்மர்மனையும் நினைக்கத்தான் வேண்டும்.

இப்படி வதந்தியும் உண்மையும் பின்னிக் கிடக்கும் இன்னோர் இடம் சன்ஃப்ளவர் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1937 செப்டம்பர் 26 அன்று, ப்ளூஸின் பேரரசி என்று போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் நெடுஞ்சாலை 61இல் கார் விபத்தில் சிக்கி, கறுப்பினத்தவருக்கான ஜி. டி. தாமஸ் மருத்துவமனையில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை ஒன்று அவரைச் சேர்க்க மறுத்ததாகப் பத்திரிகையில் ஒரு செய்தி வந்து நெடுங்காலம் நிலைத்தது. விபத்து இடத்தில் முதலுதவி செய்த மருத்துவரின் கூற்றுப்படி அது நடக்கவில்லை. நேராகவே கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இனம் பிரித்து வைத்திருந்த அந்தக் காலத்தில் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் எண்ணமே எழாது என்பதுதான் அதில் உள்ள துயரம்.

அந்த மருத்துவமனைக் கட்டடம் 1944இல் ரிவர்சைட் ஹோட்டலாக மாறியது. வெள்ளையர் விடுதிகளில் இடம் கிடைக்காத கறுப்பின இசைஞர்கள் அங்கே தங்கினார்கள். உள்ளூர்ப் பையன் ஐக் டர்னரும் குழுவும் அங்கேதான் ‘ராக்கெட் 88’ பாட்டை ஒத்திகை பார்த்தார்கள். 1951 மார்ச்சில் அதைப் பதிவு செய்ய மெம்பிஸுக்குப் போகும் வழியில் ஆம்ப்ளிஃபையர் சேதமானது. அதற்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள். கிட்டார் ஒலி கரகரத்து அதிர்ந்தது. ராக் அண்ட் ரோலின் முதல் பாட்டு எது என்ற வாதத்தில் அந்தப் பாட்டின் பெயர் இன்றும் தவறாமல் வருகிறது. ரிவர்சைட் ஹோட்டலை 2021இல் அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள 11 வரலாற்று இடங்களில் ஒன்றாக அறிவித்தார்கள்.

பாடகர் சாம் குக் 1931இல் பிறந்த ஊரும் இதுதான். ப்ளூஸ் பாடகர்கள் ஜான் லீ ஹூக்கர், சன் ஹவுஸ் இருவருக்கும் சொந்த மண் சுற்றுவட்டாரமே. 1947இல் ஊர் வானொலி நிலையமான டபிள்யூஆர்ஓஎக்ஸில் சேர்ந்த ஏர்லி ரைட், மிசிசிப்பியின் முதல் கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களில் ஒருவர். வேட் வால்டன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும் ஓசையையே தாளமாக்கி வாசிப்பார். 1960இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வாளர் பால் ஆலிவர் அந்தத் தாளத்தைப் பதிவு செய்து உலகுக்குக் கொடுத்தார். அதே வால்டன் ஊரின் குடிமை உரிமை இயக்கத்திலும் நின்றவர். பருத்திக்காட்டிலும் கடைத்தெருவிலும் பிழைப்பு நடத்தியபடியே இவர்கள் பாடினார்கள். வேலையைத் தனியே, பாட்டைத் தனியே பிரித்துப் பார்த்தால் கிளார்க்ஸ்டேலின் இசை புரியாது.

*

2025இல் வந்த ரயன் கூக்லரின் ‘சின்னர்ஸ்’ திரைப்படம் 1932இன் கிளார்க்ஸ்டேலில் நடக்கும் கதை. உலகமெங்கும் திரையரங்குகள் நிறைந்தபோது கிளார்க்ஸ்டேலில் அதைத் திரையிட ஒரு திரையரங்குகூட இல்லை. ஊர்க்காரர்கள் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். அந்த மே மாதத்தில் ஊர் அரங்கிலேயே படம் காட்டப்பட்டது. கூக்லரும் வந்து உட்கார்ந்தார்.

அருங்காட்சியகமோ பல ஆண்டுகளாகப் பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திவருகிறது. கிட்டார், பேஸ், டிரம்ஸ், கீபோர்ட், பாட்டு என்று ஊரின் மூத்த கலைஞர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் காதால் கேட்டுக் கையால் பிடிக்கும் முறைதான். ஸ்டோவால் பண்ணையில் மடி வாட்டர்ஸ் கற்றதும் அப்படித்தான். 1999இல் ஊரில் பிறந்த கிறிஸ்டோன் இங்க்ரம், ‘கிங்ஃபிஷ்’ என்ற பட்டப்பெயரோடு இந்த வகுப்பிலிருந்து வந்தவர். பதின்ம வயதிலேயே, 2014இல், அருங்காட்சியகத்தின் மாணவர் குழுவோடு வெள்ளை மாளிகையில் வாசித்தார். 2022இல் அவருக்கு கிராமி விருது கிடைத்தது. விருது பெற்ற இசைத்தொகுப்பின் பெயர் ‘662’. அது கிளார்க்ஸ்டேலின் தொலைபேசிக் குறியீட்டு எண்.